எஸ்தர் டாக்டரும் யூசானும்

1886-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சியோல் நகரில், பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியை அவள் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மா, பிள்ளை நடுங்குவதைப் பார்த்து, கணப்புக்குப் பக்கத்தில் வரும்படி கையைக் காட்டிக் கூப்பிட்டார். பிள்ளை நகரவில்லை. அப்படியொரு இரும்பு அடுப்பை அவள் அதுவரை கண்டதில்லை. தன்னைத் தூக்கி அதற்குள் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டாள்.

இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளையின் பெயர் கிம் ஜொம்தோங். வளர்ந்து டாக்டர் எஸ்தர் பார்க் ஆனார். மேற்கத்திய மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண் அவர்தான். கணப்பருகே அமர்ந்திருந்தவர் மேரி ஸ்கிராண்டன் அம்மையார். அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் பெண்கள் சங்கம் அனுப்பி வைத்த ஆசிரியை. அவர் அன்று நடத்திய இஹ்வா பள்ளியில் ஜொம்தோங் நாலாவது மாணவி. அந்தப் பள்ளிதான் இன்று உலகம் அறிந்த இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகம்.

இந்தப் பயத்தை என்னால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் நர்சம்மாவாக வேலை பார்த்தவள் நான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற ஃபீட்டோஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்தாலே சில பெண்கள் சுவரோடு ஒண்டிக்கொள்வார்கள். அந்தக் குழலுக்குள் குழந்தையை இழுத்துவிடுவேனோ என்று ஒருத்தி மாமியாரிடம் அழுதாள். இளவயது, எனக்குக் கோபம் வரும். இப்போது அந்த முகங்களை நினைத்தால் பாசமாகத்தான் இருக்கிறது. பயந்தவளுக்குப் பக்கத்தில் யாராவது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பயம் தானே இறங்கிவிடும். மேரி அம்மாளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் பிள்ளை ஓடிப்போகவில்லை. படித்தாள். இங்கிலீஷ் பேசக் கற்றாள். 1891-இல் ஞானஸ்நானம் பெற்று எஸ்தர் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மெதடிஸ்ட் என்றால் சட்டென்று பிடிபடாது. வெஸ்லியன் மிஷன் என்றால், மன்னார்குடி ஃபின்லே பள்ளிக்கூடம் என்றால் உடனே தெரியும். அது இங்கிலாந்திலிருந்து வந்த கிளை. எஸ்தரின் கதையில் வருவது அமெரிக்கக் கிளை. அங்கே பாஸ்டன் நகரத்தில் 1869-இல் சில பெண்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு சென்ட் கொடுக்க வேண்டும், ஒரு ஜெபம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சில்லறைக் காசைச் சேர்த்து அவர்கள் முதலில் அனுப்பிய டாக்டர் கிளாரா ஸ்வைன் வந்து இறங்கியது நம் நாட்டில். 1870 ஜனவரியில் பரேலிக்கு வந்தார். ராம்பூர் நவாப் கொடுத்த நிலத்தில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி எழுப்பினார். அதே சங்கம் பதினேழு ஆண்டுகள் கழித்து சியோலிலும் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தது.

பரேலியில் என்ன காரணமோ சியோலிலும் அதே காரணம். நோயாளி பெண்ணாக இருந்தால் ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாது. சியோலில் நல்ல குடும்பத்துப் பெண்கள் பகலில் தெருவில் இறங்க மாட்டார்கள். இரவு மணி அடித்து ஆண்கள் வீட்டுக்குள் போன பிறகுதான் வெளியே வருவார்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் உள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான். ஆகவே பெண் டாக்டர் வேண்டும். வந்தவர்களோ கடல் கடந்து வந்தவர்கள், அந்த ஊர் மொழி தெரியாது. 1890 அக்டோபரில் இருபத்தைந்து வயது ரோசெட்டா ஷெர்வுட் டாக்டராக வந்து சேர்ந்தபோது, நோயாளி சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை நோயாளிக்கும் மாற்றிச் சொல்ல எஸ்தரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

எஸ்தருக்கு அந்த வேலை முதலில் பிடிக்கவில்லை. ரத்தத்தையும் சீழையும் கண்டால் ஒதுங்கினாள். அறுவை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளைப் போலத் தயங்கிய பிள்ளைகளை எங்கள் டிரெயினிங் பள்ளியிலும் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அவர்களில் சிலர்தான் கை நடுங்காத நர்சுகளாக ஆனார்கள்.

ரோசெட்டா கட்டாயப்படுத்தவில்லை, செய்து காட்டினார். தீயில் வெந்து விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போன பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். விரல்களைப் பிரித்துவிட்டார்கள், புண்ணை மூடத் தோல் வேண்டும். ஒரு உடம்பின் தோலை எடுத்து இன்னொரு உடம்பில் வைப்பது என்பதை அந்த ஊர் கேள்விப்பட்டதே இல்லை. கொடுக்க யாரும் முன்வராதபோது ரோசெட்டா தன் தோலையே சீவி எடுத்து வைத்தார். ஒரு டாக்டர் தன் நோயாளிக்காகத் தன் உடம்பை அறுத்துக்கொள்வதைக் கிட்ட நின்று பார்த்த பிள்ளைகளுக்கு வேறு பாடம் எதற்கு?

எஸ்தரின் மனத்தைத் திருப்பியது உதட்டுப்பிளவு அறுவை ஒன்று. நம் ஊரில், கிரகணத்தில் வெளியே போனாள், அதனால்தான் குழந்தைக்கு உதடு இப்படி என்று பெற்றவளைப் பழி சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற தாய்மாரை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். கொரியாவிலும் அப்படிப் பிறந்தவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டே வாழ்ந்தார்கள். ரோசெட்டா அப்படிப் பிறந்த ஒரு பெண்ணின் உதட்டின் இரண்டு ஓரத்தையும் சீவிச் சேர்த்துத் தைத்தார். தையல் ஆறியதும் அவளுக்குப் புது முகம் கிடைத்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த எஸ்தர் அன்றைக்கு, இந்தக் கைவேலையை நானும் கற்றுக்கொள்வேன் என்று முடிவு செய்தாள்.

ஆனால் வீட்டில் வேறு கவலை. வயதுக்கு வந்த பெண்ணை இன்னும் கட்டிக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று ஊர் பேசியது. கடைசியில் ரோசெட்டாவே மாப்பிள்ளை பார்த்தார். ரோசெட்டாவின் கணவர் வில்லியம் ஹால் கனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மருத்துவர். அவரிடம் வேலை பார்த்த இளைஞர் பார்க் யூசான். குதிரை பிடிக்கிற வேலை. எஸ்தரின் குடும்பத்தைவிடக் கீழ்நிலையில் இருந்தவர் என்று தாய்க்கு மனத்தாங்கல். பணமும் குலமும் பெரிதல்ல, விசுவாசம் இருந்தால் போதும் என்று எஸ்தர் சம்மதித்தார். 1893 மே மாதம் ஆலயத்தில் கல்யாணம் நடந்தது.

எஸ்தரைப் பற்றிப் பேசுகிறவர்கள் யூசானை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

கல்யாணமாகி அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஹால் தம்பதியோடு எஸ்தரும் யூசானும் பியாங்யாங் போனார்கள். அங்கே கிறிஸ்தவர்களைப் பிடித்து அடித்தார்கள். பிறகு சீனாவும் ஜப்பானும் அந்த ஊரைப் போர்க்களமாக்கின. காயம்பட்டவர்களையும் காய்ச்சல்காரர்களையும் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஹாலை டைபஸ் காய்ச்சல் பிடித்தது. 1894 நவம்பரில் இறந்துபோனார். கையில் ஒரு வயது மகன் ஷெர்வுட், வயிற்றில் இன்னொரு குழந்தை. ரோசெட்டா அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன் என்று எஸ்தரையும் உடன் அழைத்துக்கொண்டார். யூசானும் போனார்.

நியூயார்க் மாநிலத்தில் லிபர்ட்டி என்ற ஊரில் ரோசெட்டாவின் பிறந்த வீடு. அந்த வீட்டுப் பண்ணையில் யூசான் கூலி வேலை செய்தார். எஸ்தர் பள்ளிக்கூடம் போனார். பிறகு நியூயார்க் நகரத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே லத்தீனும் கணக்கும் இயற்பியலும் படித்தார். 1896 அக்டோபரில் பால்டிமோர் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. யூசான் அந்த நகரத்துக்கும் வந்து உணவகங்களில் வேலை பார்த்துப் படிப்புக்குக் கொடுத்தார். பேச்சுத் துணைக்குத் தன் நாட்டார் கிடைப்பதே அரிதான ஊரில், முகத்தைப் பார்த்ததும் சீனாக்காரன் என்று ஒதுக்கிய காலத்தில், அடுப்படியில் நின்று மனைவிக்குப் புத்தகம் வாங்கிக்கொடுத்த மனிதர். கொரியாவில் அன்றைக்கு எத்தனை கணவர்கள் மனைவிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் இதன் அளவு தெரியும்.

1897-இல் ரோசெட்டா கொரியாவுக்குத் திரும்பும்போது, நீயும் வந்துவிடுகிறாயா என்று எஸ்தரிடம் கேட்டார். இப்போது விட்டால் இந்த வாய்ப்பு இனி வராது, என்னால் முடிந்தவரை படித்துப் பார்த்துவிடுகிறேன் என்று எஸ்தர் மறுத்துவிட்டார். திரும்பிப் போன ரோசெட்டா அடுத்த ஆண்டு பியாங்யாங்கில் தன் சின்ன மகளையும் சீதபேதிக்குப் பறிகொடுத்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே குழந்தைகள் வார்டு கட்டினார்.

கடைசி வருடப் படிப்பில் யூசானுக்கு இருமல் கண்டது. டி.பி. அந்த நாளில் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று எழுதிக் கொடுப்பார்கள். உணவகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த மூன்றில் எது கிடைக்கும்? எஸ்தர் பாடத்தையும் பார்த்தார், புருஷனையும் பார்த்தார். 1900 ஏப்ரல் 28-ஆம் தேதி யூசான் இறந்தார். மே மாதம் பட்டம் வந்தது.

எங்கள் வீட்டுக்காரரை இங்கே சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. பிரசவம் இரவில்தான் வரும் என்று எல்லா நர்சுக்கும் தெரியும். பஸ் நின்றுபோன நேரத்தில் யாராவது அரிக்கேன் விளக்கோடு வந்து கதவைத் தட்டுவார்கள். அவர் எழுந்து சைக்கிளை எடுப்பார். டெலிவரி கிட்டை ஹேண்டில்பாரில் மாட்டி, என்னைக் கேரியரில் உட்கார வைத்து மிதிப்பார். டைனமோ விளக்கு, மிதிக்கிற வேகத்துக்குத்தான் எரியும். வாய்க்கால் கரையில் சேறு வந்தால் இறங்கித் தள்ளுவார். அப்போது விளக்கும் அணைந்துபோகும், இருட்டிலேயே என் கையைப் பிடித்து நடத்திப் போவார். பிரசவ வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்து, குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருப்பார். உள்ளே வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பு மூட்டுவார். விடிந்ததும் நெல் அரவை மில்லுக்கு வேலைக்குப் போய்விடுவார். பெண்டாட்டியைச் சுமக்கிறான் என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் பிரசவம் வந்தது, அவர்களே வந்து கதவைத் தட்டினார்கள். அவர் அதே சைக்கிளை எடுத்தார். எனக்கு ஓய்வு பெறும்போது சால்வை போட்டு நல்ல வார்த்தை சொன்னார்கள். அவருக்கு யாரும் போடவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் குறை இருக்கிறது. யூசானின் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பட்டம் வாங்கிய அந்த வருடமே எஸ்தர் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் தங்கியிருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். சியோலிலும் பியாங்யாங்கிலும் பெண்கள் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். முதல் பத்து மாதத்திலேயே 3000-க்கும் அதிகமான நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். நடமாட முடியாதவர்களைத் தேடிக் கழுதை மேல் ஊர் ஊராகப் போனார். பனிக்காலத்தில் கழுதை இழுக்கும் சறுக்கு வண்டியில் போனார். பேய் பிடித்தது என்று நம்பி உடம்பில் ஊசி குத்துகிற வழக்கத்தை எடுத்துச் சொல்லி நிறுத்தப் பார்த்தார். மருந்துப் பெட்டியோடு வேதாகமமும் கூடவே போகும். வைத்தியமும் ஊழியமும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தது. பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுத்தார், வேதாகம ஸ்திரீகளுக்கு வகுப்பெடுத்தார், நர்சிங் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தினார். முன்பு ரோசெட்டாவின் பேச்சை மொழிபெயர்த்தவருக்கு இப்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். தன் பாஷையில், தன் வீட்டுப் பெண் போல ஒரு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தபோது அந்தப் பெண்களுக்குப் பாதி நோய் அப்போதே தெளிந்திருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

1909-இல் சியோல் அரண்மனையில், வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிய மூன்று பெண்களுக்கு விழா எடுத்தார்கள். அதில் எஸ்தரும் ஒருவர். அப்போதே உடம்பு நலிந்திருந்தது. யூசானைக் கொண்டுபோன அதே டி.பி. 1910 ஏப்ரல் 13-ஆம் தேதி எஸ்தர் இறந்தார். முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை.

கப்பலில் ஒரு வயதுக் குழந்தையாக அவர்களோடு போன ஷெர்வுட் ஹாலுக்கு அப்போது பதினாறு வயது. எஸ்தரை அத்தை என்று அழைத்து வளர்ந்தவன். அந்தச் சாவு அவன் மனத்தில் தைத்தது. டாக்டருக்குப் படித்து, டாக்டராக இருந்த மனைவி மேரியனோடு கொரியா திரும்பி, 1928-இல் ஹேஜு நகரத்தில் அந்த நாட்டின் முதல் டி.பி. சானடோரியத்தைத் தொடங்கினார். அதே 1928-இல் நம் தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சவுரிமுத்து தொடங்கியதை நினைக்கும்போது, இரண்டு நாட்டிலும் எத்தனை வீடுகளில் இருமல் கேட்டிருக்கும் என்று தோன்றுகிறது. அதே ஆண்டில் ரோசெட்டாவும், அறுபது வயது தாண்டிய பிறகு, கொரியப் பெண்கள் கடல் கடக்காமல் தங்கள் ஊரிலேயே டாக்டருக்குப் படிக்க ஒரு பயிற்சி நிலையம் திறந்தார். கொரியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி அதன் வழியில் வந்தது.

சானடோரியத்துக்குப் பணம் வேண்டுமே. டென்மார்க்கில் அஞ்சல்காரர் ஒருவர் 1904-இல் தொடங்கிய, நிதி திரட்ட விற்கும் கிறிஸ்துமஸ் வில்லையை ஷெர்வுட் 1932-இல் கொரியாவுக்குக் கொண்டுவந்தார். முதலில் ஆமைக்கப்பல் படம் போட நினைத்தார். ஜப்பானியரைக் கடலில் விரட்டிய பழைய போர்க்கப்பல் அது. ஆண்டுகொண்டிருந்த ஜப்பானிய அதிகாரிகள் விடவில்லை. சியோலின் தெற்கு வாசல் படத்தோடு வந்தது. நம் பள்ளிக்கூடங்களில் டி.பி. சீல் என்று பிள்ளைகள் கையில் கொடுத்து விற்கச் சொல்வார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

1940-இல் உளவாளி என்று பழி சுமத்தி ஜப்பானியர்கள் ஷெர்வுடை வெளியேற்றினார்கள். கணவனும் மனைவியும் இந்தியாவுக்கு வந்து, ஆஜ்மீர் பக்கத்தில் மதார் சானடோரியத்தில் 1963 வரை டி.பி. நோயாளிகளைப் பார்த்தார்கள். எஸ்தரின் சாவு ராஜஸ்தானத்து நோயாளிக்குப் படுக்கை போட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

அவர்கள் இங்கே இருந்த காலத்தில்தான் மருந்தும் வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த ஏழை நோயாளிகள்தான் அதில் பங்கெடுத்தார்கள். முடிவு 1959-இல் வெளிவந்தது.

என் சர்வீஸின் பின்பாதியில் அந்த மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைப்பது என் வேலைகளில் ஒன்றானது. அப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுக்க வேண்டியிருந்தது. கொத்தனார் ஒருவர், இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், இனி எதற்கு, வரமாட்டேன் என்றார். அவர் மனைவி சித்தாள் வேலைக்குப் போகிற வழியில், தலையில் சும்மாட்டுத் துணியோடு, அவரை முன்னால் நடக்க விட்டுப் பின்னாலேயே வருவாள். அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறவரை நிற்பாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் நர்சம்மா?" என்பாள். அட்டையைக் காட்டுவேன். சரி என்று தலையாட்டி, சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்று வேகமாக நடப்பாள். ஆறு மாதமும் ஒரு நாள் தவறவில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த அன்று, அட்டையில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் நான் எழுதினேன். அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.